கச்சான் வீசும் கரைக்கு ஒரு மழைக்காட்டு விடுதி: நிலாவெளியிலிருந்து நிகழ்வு ஆய்வு

திருகோணமலைக் கரையிலுள்ள நிலாவெளியில் நான்கு அறைகள் கொண்ட விருந்தினர் விடுதியொன்றை நடத்திவரும் தம்பதியர், கடந்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டு கழிந்த வாரத்தில், ஒரு வரைபடச் சுருளோடு என் வீட்டுக்கு வந்தனர். பழைய அறைகளுக்குப் பின்னாலுள்ள மணற்காணியில் ஆறு மரக் குடில்களைக் கட்டி, அவற்றுக்கு 'மழைக்காட்டு ஈக்கோ லொட்ஜ்' என்று பெயர் சூட்டுவது அவர்களது திட்டம். வரைபடத்தில் குடில்கள் மரக்கால்களில் உயர்ந்து நின்றன; கூரைகள் கிடுகால் வேயப்பட்டிருந்தன; குடில்களுக்கு இடையே 500 சதுர மீற்றர் பரப்பில் புற்றரையும் பன்னங்களும் படர்கொடிகளும், நடுவே 40 சதுர மீற்றர் நீச்சல் தடாகமும் வரையப்பட்டிருந்தன. நீர்வழங்கல் வேலைகளில் தொழில்நுட்ப அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால், தண்ணீர்த் தாங்கியின் கொள்ளளவையும் குழாய்களின் விட்டத்தையும் குறித்துத் தரும்படி என்னைக் கேட்டனர். குழாய்கள் எங்கெங்கு போகின்றன என்பது வரைபடத்தில் தெளிவாகவே இருந்தது. அவற்றுக்குள் ஓடவேண்டிய தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதுதான் ஓரிடத்திலும் எழுதப்படவில்லை.

அந்தக் காணியில் இருப்பது ஒரே ஒரு கிணறு. கரையோர மணலுக்கு அடியில் நன்னீர், தன்னைவிடச் சற்றே கனமான உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலில் வழக்கமான கணக்கு. அதே கணக்கைத் தலைகீழாகவும் படிக்கலாம்: பம்பியால் இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், கீழே உவர்நீர் 40 அடி ஏறிவர இடம் பிடித்துவிடும். இந்தப் பாடம் தம்பதியரில் மனைவிக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவரது மொழி மட்டும் வேறு. "ஆவணி பிறந்தா சவர்க்காரம் நுரைக்காது அண்ணா, பருப்பும் லேசில அவியாது" என்றார்.

குழாய் விட்டத்தைக் குறித்துக் கொடுப்பதற்கு நான் ஒரு நிபந்தனை வைத்தேன். மழைக்காட்டில் உண்மையாகவே நிற்கும் ஒரு விடுதியில் மூன்று இரவு தங்கிவிட்டு வரவேண்டும். அதன் பின்னர் பேசலாம் என்றேன். கணவர் உடனே சம்மதித்தார். கூடவே, "நீங்களும் வாங்கோ அண்ணா, இல்லாட்டி நான் நல்லதை மட்டும்தான் பாத்துக்கொண்டு வருவன்" என்றும் சொன்னார். தன்னைப் பற்றி இவ்வளவு சரியாகச் சொல்லக்கூடிய ஒரு விடுதிக்காரரை நான் முன்னர் சந்தித்ததில்லை. தெனியாயப் பக்கம், சிங்கராஜ வனத்தின் விளிம்பில், பழைய தேயிலைக் காணியொன்றில் அமைந்த விடுதியைத் தெரிந்தெடுத்தோம். அதன் பெயர் இந்த ஆய்வுக்குத் தேவையில்லை.

பயணமும் காற்றும்

வைகாசி மாதக் கடைசியில், அதிகாலை நான்கு மணிக்கு, கிண்ணியாவைச் சேர்ந்த, நானா என்று நாங்கள் அழைக்கும் முஸ்லிம் சாரதியொருவரின் வான் வண்டியில் புறப்பட்டோம். யூலை, ஆகஸ்ட் மாதக் கூட்டம் தொடங்குவதற்கு முன் நிலாவெளிக்காரர் தொழிலை விட்டு நகரக்கூடிய கடைசி வாரம் அதுதான். நாங்கள் புறப்பட்ட நேரத்தில் கச்சான் பலமாக வீசிக்கொண்டிருந்தது. உதடு வெடிக்கும் அளவுக்கு உலர்ந்த காற்று, முற்றத்து மணலை வாரிக் கதவுக்கடியால் வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டும் காற்று. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று இறங்கி, கொழும்பைச் சுற்றித் தெற்கு அதிவேகப் பாதையில் ஏறி, மாத்தறைப் பக்கமாக அக்குரஸ்ஸையை அடையும்வரை வானின் துடைப்பானுக்கு வேலை இருக்கவில்லை. அக்குரஸ்ஸை தாண்டியதும் அது நிற்கவேயில்லை. 2017 மே மாதத்தில் மாத்தறை, இரத்தினபுரி, களுத்துறை மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் இருநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதை நினைவில் வைத்திருந்த நானா, மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் மேற்சரிவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டே வண்டியைத் திருப்பினார்.

இந்த நிகழ்வை விளங்கிக்கொள்வதற்கு வேண்டிய செய்தி அந்தத் துடைப்பானிலேயே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்து வந்து, இலங்கையின் தென்மேற்குச் சரிவுகளில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, தன் சுமையை அங்கேயே இறக்கிவிடுகிறது. மலைநாட்டைக் கடந்து கிழக்கே இறங்கும்போது அதே காற்று அமுங்கிச் சூடேறி, வறண்டு, திருகோணமலையில் கச்சான் என்ற பெயரைப் பெறுகிறது. எங்கள் முற்றத்தில் மணலை வாரும் காற்றும் சிங்கராஜவில் கூரையை அறையும் மழையும் ஒரே பயணத்தின் இரண்டு தரிப்பிடங்கள். சிங்கராஜவில் ஆண்டுக்கு 3000 முதல் 5000 மில்லிமீற்றர்வரை மழை பெய்கிறது. உலர்ந்த பருவம் என்று சொல்லத்தக்க ஒன்று அங்கே இல்லை. திருகோணமலையில் ஆண்டு மழை 1500 முதல் 1600 மில்லிமீற்றர் வரையில்தான். அதிலும் மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபரிலிருந்து சனவரிக்குள் வாடைக் காற்றோடு வந்து தீர்ந்துவிடுகிறது. விருந்தினர் வருவதோ மே முதல் செப்டெம்பர் வரை. எங்களுக்கு மழை இருக்கும்போது விருந்தினர் இல்லை. விருந்தினர் இருக்கும்போது மழை இல்லை.

சிங்கராஜ மழையில் ஒரு துளியும் எங்கள் பக்கம் ஓடி வருவதில்லை என்பதையும் சொல்லிவிடலாம். அந்த வனத்தின் ஓடைகள் வடக்கே களு கங்கைக்கும் தெற்கே ஜின் கங்கைக்கும் போகின்றன. கொட்டியாரக் குடாவில் வந்து விழும் மகாவலி வேறு மலைகளின் தண்ணீர்.

அறை

வரைபடத்தில் கண்ட மரக் குடிலை எதிர்பார்த்துப் போன கணவருக்கு முதல் ஏமாற்றம் கூரையில் கிடைத்தது. கிடுகும் இல்லை, வைக்கோலும் இல்லை. சாம்பல் நிற உலோகத் தகடு. விடுதி முகாமையாளரிடம் காரணம் கேட்டார். ஓலையால் வேய்ந்தால் சில மாதங்களில் அழுகி, பாசி பிடித்து, ஓலைக்குள் பூச்சி குடியேறிவிடும் என்றார் அவர். குடிலின் கால்களும் மரம் அல்ல, இரும்பு. ஈரமண்ணில் புதைத்த மரக்கால் கறையானுக்கும் பூஞ்சணத்துக்கும் இரையாகும் என்பதால், சீமெந்துக் கட்டையின்மேல் இரும்புக் கால்களைப் பொருத்தியிருந்தனர். மரம் பயன்பட்டிருந்த இடங்கள் தளமும் விறாந்தைக் கைப்பிடியும் மட்டுமே. ஆகவே நிலாவெளிக்கு வரைந்து கொடுக்கப்பட்ட 'மழைக்காட்டுப் பாணி' குடில் மழைக்காட்டிலேயே நிற்க முடியாத ஒன்று. அது எந்தக் காட்டைப் பார்த்து வரையப்பட்டது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

குடில்களைக் கால்களில் நிறுத்தியதற்கும் காரணம் இருந்தது. இடம் சரிவானது, சரிவை வெட்டிச் சமதளமாக்கினால் மேலேயுள்ள மண் பிடிமானம் இழந்து இறங்கும். கால்களில் நிறுத்தியதால் மழைநீர் குடிலுக்கு அடியால் தன் வழியே ஓடிப் போகிறது. நிலாவெளிக் காணி தட்டுப் போலச் சமமானது. அங்கே மழைநீர் ஓடுவதில்லை, மணலுக்குள் இறங்குகிறது. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையைக் கண்டவர்கள் என்ற முறையில், கடற்கரையில் உயர்ந்த தளம் வேண்டும் என்று ஒருவர் வாதிட்டால் அதை மறுக்க மாட்டேன். ஆனால் அது வேறு காரணம். அதற்குரிய அத்திவாரமும் வேறு.

குளியலறையில் என் பழைய தொழில் தலைதூக்கியது. பத்து லீற்றர் வாளியைப் பூமழைக் குழாயின் கீழ் வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 50 விநாடியில் நிரம்பி வழிந்தது. நிமிடத்துக்கு 12 லீற்றர். சிக்கனக் குழாய் எதுவும் பொருத்தப்படவில்லை, பொருத்தவேண்டிய தேவையும் அங்கே இல்லை. தண்ணீர் மேலேயுள்ள ஓடையிலிருந்து வடிகட்டித் தாங்கிக்கு வந்து, பம்பி எதுவுமின்றித் தன் பாரத்தாலேயே அறைக்கு இறங்குகிறது. பயன்படுத்தாமல் விட்டாலும் அது பள்ளத்தாக்குக்கே போகும். எட்டு நிமிடம் குளித்தால் ஒருவருக்கு ஏறத்தாழ 100 லீற்றர். அங்கே அது ஓடையில் சிறு கிளை. நிலாவெளியில் அது கிணற்றில் ஒரு வளையம்.

அடுத்த பாடத்தைத் துவாய் கற்பித்தது. குளியலறைச் சுவரில், சூழலைக் காக்கத் துவாயை மறுபடியும் பயன்படுத்துமாறு கேட்கும் சிறு அட்டையொன்று மாட்டப்பட்டிருந்தது. முதல் நாள் பிற்பகல் விறாந்தைக் கொடியில் போட்ட துவாய் மறுநாள் பிற்பகலும் பிழியும் ஈரத்தோடு இருந்தது. மூன்றாம் நாள் அதில் நாற்றம் பிறந்தது. காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது துணியின் ஈரம் எங்கே போகும்? எனது தோற்பட்டியில் இரண்டாம் நாளே சாம்பல் பூத்ததுபோலப் பூஞ்சணம் படர்ந்தது. விருந்தினர் அட்டைக்கு மதிப்புக் கொடுத்தாலும், விடுதிக்காரருக்குத் துவாய்களைத் தினமும் மாற்றி, எரிவாயுவில் இயங்கும் உலர்த்தியில் போடுவதைத் தவிர வழியில்லை. அந்த விடுதியின் செலவுகளில் கண்ணுக்குத் தெரியாத பெரிய ஒன்று இது. நிலாவெளியிலோ கச்சானில் போட்ட துவாய் அரைமணி நேரத்தில் அப்பளமாகக் காய்ந்துவிடும். அந்த அட்டை உண்மையில் தொங்கவேண்டிய இடம் எங்கள் ஊர்.

மின்சாரம் ஓடையில் வைத்த சிறு சுழலியிலிருந்து வந்தது. கூரையில் சூரியத் தகடு இல்லாததற்குக் காரணம் கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. மூன்று நாளும் நாங்கள் சூரியனைக் கண்டது ஒரு மணி நேரம்கூட இராது.

வனத்துக்குள்

இரண்டாம் நாள் காலை பிட்டதெனிய வாயிலில், வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டைப் பெற்று, வழிகாட்டியோடு உள்ளே போனோம். சிங்கராஜ 1978இல் உயிர்க்கோள ஒதுக்கிடமாகவும் 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தலமாகவும் அங்கீகரிக்கப்பட்டது. 1970களின் முற்பகுதியில் ஒட்டுப்பலகைக்காக இயந்திரங்களை இறக்கி மரம் வெட்டிய வனமும் இதுதான். மக்களின் எதிர்ப்பு வலுத்த பின்னரே அந்த வேலை நிறுத்தப்பட்டது. வெட்டுண்ட பகுதிகளில் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் மரங்களின் பருமன் வேறுபடுவதை வழிகாட்டி காட்டித் தந்தார்.

இரத்தம் உறிஞ்சும் அட்டைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியை எழுதினால், போய் வந்தவர் எவரும் நம்பமாட்டார். காலுறையை முழங்கால்வரை இழுத்துக் கட்டி, சவர்க்காரத்தை ஈரமாக்கிப் பூசிக்கொண்டு நடந்தோம். இருந்தும் கணவரின் கணுக்காலில் மூன்று அட்டைகள் ஏறியிருந்தன. அவை கடிப்பது தெரிவதில்லை. அவற்றின் எச்சில் இரத்தத்தை உறையவிடாது என்பதால், அட்டை விழுந்த பின்பும் இரத்தம் வடிந்துகொண்டிருக்கும். அட்டையைப் பிடித்து மெத்தையில் கிடத்தினாலும் அது செத்தையைத்தான் நாடும் என்று நம்மவர் சொல்வார்கள். அன்றிரவு அவரது மெத்தையில் ஓர் அட்டை, செத்தையைப் பற்றிய கவலை எதுவுமின்றி, நிம்மதியாகக் கிடந்தது. நானா அந்த இரவையும் அடுத்த இரவையும் வானுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கழித்தார்.

ஒன்றரை மணி நேரம் நடந்த பின்னர் வழிகாட்டி கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். முதலில் ஒலிதான் வந்தது. சிலம்பன் குருவிகளின் ஓயாத அலம்பல், அதன்மேல் கொண்டைக் கரிச்சானின் சீழ்க்கை. பின்னர் மரங்களின் எல்லா மட்டங்களிலும் ஒரே நேரத்தில் இலைகள் அசைந்தன. கீழே புதர்களில் சிலம்பன்கள், நடுக்கொப்புகளில் கரிச்சான், மேலே நீலமும் செம்பழுப்புமாக, காக்கை குடும்பத்துக் கெஹிபெல்லா இரண்டு. பல இனப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து, இரை தேடியபடியே வனத்தைக் கடந்துபோகும் கலப்புக் கூட்டம் இது. இக்கூட்டங்களைப் பேராசிரியர் சரத் கொட்டகம 1980களிலிருந்து தொடர்ந்து ஆராய்ந்து வந்துள்ளார். ஒரு இனம் பூச்சியைக் கிளப்பிவிட, இன்னொன்று பிடிக்கிறது. ஒன்று பருந்தைக் கண்டு கத்த, எல்லாம் ஒளிகின்றன. எட்டு நிமிடத்தில் கூட்டம் எங்களைக் கடந்தது. அந்த எட்டு நிமிடமும் எவரும் கைபேசியை எடுக்கவில்லை. மழைக்காட்டு விடுதி விற்கும் சரக்கு இதுதான். கட்டில் அதற்குத் துணைப்பொருள்.

திரும்பும் வழியில் வழிகாட்டி குனிந்து, பாதையோரத்துச் சருகுப் படையை விரலால் நீக்கிக் காட்டினார். மேலே முழு இலை, அதன் கீழ் நரம்பு மட்டும் எஞ்சிய இலை, அதற்கும் கீழ் வெண்ணூல் போன்ற பூஞ்சண இழைகள், இழைகளோடு பின்னிய மெல்லிய வேர்கள்; ஒரு சாணுக்கும் குறைவான ஆழத்தில் வெளிறிய மண். இவ்வளவு பெரிய ஹொர மரங்களையும் நாகமரங்களையும் தாங்கும் நிலத்தின் உரம் மண்ணில் இல்லை, மேலே கிடக்கும் சருகில் இருக்கிறது. விழுந்த இலை அழுக அழுகவே வேர் அதன் சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. இந்தச் சுழற்சிக்கு இடைவிடாத ஈரம் வேண்டும். மனைவி நெடுநேரம் அந்த இடத்திலேயே குந்தியிருந்தார். எழுந்தபோது, "எங்கட காணியில இந்தப் பன்னம் ஒரு கிழமை தாங்காது" என்றார். வரைபடத்தின் 500 சதுர மீற்றர் தோட்டம் அந்த நிமிடத்தில்தான் விழுந்தது என்று நினைக்கிறேன், கணவர் அதை ஒப்புக்கொள்ள இன்னும் ஒரு மாதம் எடுத்தபோதிலும்.

குசினி

சர்வதேச சூழல்சார் சுற்றுலாச் சங்கம் 1990இல் வகுத்த வரைவிலக்கணம் இரண்டு கடமைகளைச் சொல்கிறது: சூழலைப் பேணுவது, அவ்விடத்து மக்களின் நல்வாழ்வை உயர்த்துவது. இரண்டாவதைக் குசினியில் பார்க்கலாம் என்பது என் அனுபவம். இங்கே சமையலுக்கும் துப்புரவுக்கும் பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் குடும்பங்களிலிருந்தும் தேயிலைத் தோட்டத்து லயன்களிலிருந்தும் ஆட்கள் வந்தனர். பிஞ்சுப் பலாக்காய்க் கறியும் கித்துள் பாணியும் தயிரும் அந்த வட்டாரத்திலேயே கிடைப்பவை. சமையலுக்கு உதவிய தோட்டத்துப் பெண் எங்கள் பேச்சைக் கேட்டுத் தானாகவே வந்து, "நீங்க எந்தப் பக்கங்க?" என்றார். திருகோணமலை என்றதும், "அங்கெல்லாம் தண்ணி உப்பா இருக்குமாமேங்க, எப்படிங்க தேத்தண்ணி குடிக்கிறீங்க?" என்று உண்மையான இரக்கத்தோடு கேட்டார். கொழுந்து பறிப்பதைவிட இந்த வேலை மேலா என்று மனைவி விசாரித்தார். மழையில் நனையாத வேலை, ஆனால் ஆட்கள் வராத மாதத்தில் கூப்பிடமாட்டார்கள் என்பது பதில். கடமையின் இந்தப் பாதி அங்கேயும் அரைகுறையாகவே நிறைவேறியிருந்தது.

மூடியின் கீழ்

மூன்றாம் இரவு மழை வலுத்தது. ஒன்பது மணியளவில் விளக்குகள் மங்கி அணைந்தன. ஓடையில் வந்த சருகும் கொப்பும் சுழலிக்கான நீர்வாயை அடைத்துவிட்டன. மின்பிறப்பாக்கியை இயக்கினார்கள். அது பெரிய குறையல்ல. விடியற்காலையில் எங்கள் குடிலுக்குப் பின்னாலிருந்து வந்த நாற்றம்தான் குறை.

முகாமையாளர் மறைக்கவில்லை; என்னை அழைத்துக்கொண்டு போய்ச் சீமெந்து மூடியைக் கம்பியால் நெம்பித் திறந்தார். மலக்குழியிலிருந்து தெளிந்த நீரை மண்ணுக்குள் விடவேண்டிய உறிஞ்சு குழி, விளிம்புவரை நிறைந்து, சரிவில் கசிந்து ஓடிக்கொண்டிருந்தது. குழியில் தவறில்லை. மழை ஊறிய மண்ணில் உறிஞ்ச இடமில்லை. மேல் வரிசைக் குடில்களுக்கு நாணல் நட்ட சரளைப் பாத்தியொன்றைப் பின்னர் அமைத்து, கழிவுநீர் அதனூடாக மெதுவாக வடிந்து தெளியும்படி செய்திருந்தார்கள். எங்கள் வரிசைக்கு அது இன்னும் வரவில்லை. சரிவின் கீழே ஓடை. ஓடையின் கீழே கிராமம். விருந்தினர் பார்க்கும் பக்கத்தை முதலில் கட்டி, பார்க்காத பக்கத்தைப் பின்னர் கட்டும் வழக்கம் மழைக்காட்டிலும் இருக்கிறது, நிலாவெளியிலும் இருக்கிறது.

நிலாவெளியில் இதே குறை எதிர்மாறாகத் தோன்றும். மணல் எதையும் உடனே உறிஞ்சிவிடும். நாற்றம் வராது, வழியாது, எவருக்கும் தெரியாது. உறிஞ்சிய நீர் சில மீற்றர் தள்ளியுள்ள கிணற்றுக்குப் போய்ச் சேரும். வழிந்து ஓடுகிற குழியைவிட இந்த அமைதியான குழிக்கே நான் அதிகம் அஞ்சுகிறேன்.

கணக்கு

திரும்பி வந்து, விடுதியின் விறாந்தையில் வரைபடத்தை விரித்துவைத்து, கொப்பியில் கணக்குப் போட்டோம். ஒரு சதுர மீற்றரில் விழும் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர் தண்ணீர். இதைத் தாண்டிய சூத்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

ஆறு குடில்களில் 12 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 150 லீற்றர் என்று வைத்தால் 1800 லீற்றர். 500 சதுர மீற்றர் புற்றரையும் பன்னமும் கச்சான் காலத்தில் பச்சையாக இருக்க நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஊற்றவேண்டும் என்று கொண்டால் 2500 லீற்றர். தடாகத்திலிருந்து நாளுக்கு 6 மில்லிமீற்றர் ஆவியானால் இன்னும் 240 லீற்றர். அதாவது, அந்த 'சூழல்நேய' விடுதியில் மிகப் பெரிய குடிகாரர் விருந்தினர் அல்ல, தோட்டம். இந்த வரியை எழுதியதும் கணவர் கொப்பியை வாங்கித் தானே ஒரு தடவை பெருக்கிப் பார்த்தார்.

மழைநீரைச் சேமித்து இவ்வளவையும் சமாளிக்கலாமா என்பது அவரது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. பழைய, புதிய கூரைகள் எல்லாம் சேர்ந்து 200 சதுர மீற்றர்; வாடை மாதங்களில் 1000 மில்லிமீற்றர்; சிந்தியது சிதறியது போக ஐந்தில் நான்கு பங்கு கைக்கு வந்தால் 160,000 லீற்றர். அதை மே மாதம்வரை வைத்திருக்க 10 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம், 2 மீற்றர் ஆழமான தாங்கி வேண்டும். தோட்டத்துக்கும் தடாகத்துக்கும் ஒரு துளியும் விடாமல் புதிய குடில்களுக்கு மட்டும் கொடுத்தாலும், 88 நாளில் அது வற்றிவிடும். பருவமோ 150 நாளுக்கு மேல்.

இந்த இடத்தில் மனைவி கேட்ட கேள்வி கணக்கின் திசையை மாற்றியது. எல்லாவற்றுக்கும் நல்ல தண்ணீர் எதற்கு என்று கேட்டார். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் மழைநீர் போதுமே. பழைய அறைகளையும் சேர்த்து 20 பேருக்கு ஆளுக்கு 10 லீற்றர் என்றால் நாளுக்கு 200 லீற்றர். மே தொடக்கத்திலிருந்து செப்டெம்பர் முடிவுவரை 153 நாளுக்கு 30,600 லீற்றர். 60 சதுர மீற்றர் குசினிக் கூரை ஒன்றே வாடைக் காலத்தில் 48,000 லீற்றர் தரும். ஆகவே 40,000 லீற்றர் தாங்கி ஒன்று போதும். என் தொழிலில் இதை நான் முதலில் சொல்லியிருக்கவேண்டும்; அவர் சொன்ன பிறகே எனக்கு விளங்கியது.

எஞ்சியவை விரைவாகத் தீர்ந்தன. ஆறு குடில் மூன்று அறையாகியது. மரத்துக்குப் பதிலாகத் தடித்த செங்கற் சுவர், ஓட்டுக் கூரை, ஆழமான விறாந்தை. கிடுகு கச்சானில் ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும் பொருள் என்பதால் அது வாகனத் தரிப்பிடத்துக்குக்கூட வேண்டாம் என்று விடப்பட்டது. வரைபடத்தில் மேற்குப் பக்கமாக இருந்த பெரிய கண்ணாடிச் சாளரங்கள், கச்சானும் பிற்பகல் வெயிலும் வரும் திசை அதுவென்பதால், கடற்பக்கத்துக்கு மாறின. கூரையில் சூரியத் தகடு. அதற்கு எங்கள் வானத்தில் குறைவில்லை. புற்றரை நினைத்த இடத்தில் வேம்பும் பூவரசும் நட்டு, பின்வேலியோரம் ஏற்கெனவே தானாக நின்ற பாலையையும் வீரையையும் வெட்டாமல் விட்டார்கள். குளிக்கும் தண்ணீர் வாழைக்குப் போகிறது. மலக்குழியைக் கிணற்றுக்கு நேர் எதிர் மூலைக்குக் கொண்டுபோய், அடித்தளமும் பூசிய இரட்டை அறைக் குழியாகக் கட்டி, அதன் பின்னால் நாணல் பாத்தி அமைத்தோம். செலவில் இதுவே பெரிய பகுதி; எந்த விருந்தினரும் இதைப் படம் பிடிக்கப்போவதில்லை என்று கணவர் முணுமுணுத்தார், ஆனால் பணத்தைக் கொடுத்தார்.

தடாகத்தை மட்டும் அவர் இலகுவில் விடவில்லை. கடல் நூறு அடியில் இருக்கும்போது தடாகம் எதற்கு என்று நான் கேட்டேன். வருபவர்கள் கேட்கிறார்கள் என்று அவர் சொன்னார். இருவர் சொன்னதும் உண்மை. இப்போதைக்குத் தடாகத்துக்கான இடம் வெறும் மணலாகக் கிடக்கிறது, நாற்புறமும் அடித்த முளைகளோடு.

இந்த ஆண்டு

தாங்கி ஒக்டோபர் மழைக்கு முன் கட்டி முடிந்தது. தை பிறக்கும்போது நிரம்பி வழிந்தது. இந்த ஆண்டு பருவத்தில் மனைவி தாங்கியின் உட்சுவரில் இறங்கும் மட்டத்தை வாரந்தோறும் குறித்துவந்தார். ஆவணி நடுவில் நான் போனபோது பாதிக்குச் சற்றுக் கீழே நின்றது. குசினியில் பருப்பு அவிந்தது. தேநீரின் நிறமும் திருந்தியிருந்தது.

கிணறு திருந்தவில்லை. ஆடி முடிவிலேயே தண்ணீர் உவர்த்தது. முந்திய ஆண்டைவிட இரண்டு கிழமை பிந்தியது என்பது மனைவியின் கணிப்பு, அதற்குமேல் சொல்ல இயலாது. அவர்கள் இறைப்பதைக் குறைத்தாலும், இரு பக்கத்துக் காணிகளிலும் புதிய பம்பிகள் ஓடுகின்றன. மணலுக்கு அடியிலுள்ள நன்னீருக்கு வேலி கிடையாது. ஒரு பக்கத்தில் புற்றரைக்கு நீர் தெளிக்கும் சுழல் குழாய் நண்பகலிலும் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த அயலவரிடம் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். கொப்பியை எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் செய்வித்த பெயர்ப்பலகை, பச்சைப் பின்னணியில் பன்னம் வரைந்து 'மழைக்காட்டு' என்று பெரிதாக எழுதியது, நல்ல முதிரைப் பலகையில் ஆனதால் எறிய மனம் வரவில்லையாம். இப்போது அது கிணற்றடியில், பம்பியின்மேல் வெயில் படாமல், எழுத்துப் பக்கம் கீழாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது.